புத்தூர் கட்டும் என் பேத்தியின் படிப்பும்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். இதில் ஒரு மன்னிப்பும் இருக்கிறது.

போன மாதம் எங்கள் வீட்டு அறுபதாம் கல்யாணத்துக்கு என் தங்கையின் பேத்தி அமெரிக்காவிலிருந்து வந்திருந்தாள். அங்கே டாக்டருக்குப் படிக்கிறாள். பந்தியில் ஒருவர், "எம்.டி.யா பாப்பா?" என்று கேட்டார். "இல்லை, டி.ஓ." என்றாள். நம் ஊரில் டி.ஓ. என்றால் கண் மருத்துவ டிப்ளமோ. "அப்போ கண் டாக்டரா?" என்றார் இன்னொருவர். "ஆஸ்டியோபதி" என்று அவள் சொன்னதும், நான் பெரிய அறிவாளி மாதிரி, "ஓ, நம்ம புத்தூர் கட்டு மாதிரி எலும்பு வைத்தியமா?" என்றேன். பந்தியே சிரித்தது. பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு பாயசத்தைக் கூடத் தொடாமல் எழுந்து போனாள்.

அன்று இரவு வாட்ஸ்அப்பில் ஒரே வரி அனுப்பியிருந்தாள்: "தாத்தா, நீங்க சயின்ஸ் வாத்தியார், கேட்டுட்டுச் சொல்லியிருக்கலாம்."

முப்பத்து நாலு வருஷம் வகுப்பில் "தெரியாததைக் கேள்" என்று சொன்னவன் நான். அதன்பிறகுதான் உட்கார்ந்து படித்தேன்.

ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற அமெரிக்க மருத்துவர் 1864-இல் மூளை உறைக் காய்ச்சலில் தன் வீட்டுக் குழந்தைகளைப் பறிகொடுத்தார். அந்தக் காலத்து மருந்துகளில் பாதரசம் வரைக்கும் இருந்தது. மருந்தின்மேல் வெறுத்துப்போய், உடம்பின் எலும்பு, தசை அமைப்பைச் சீர்செய்தால் நோய் தீரும் என்று ஒரு முறையை வகுத்தார். 1892-இல் மிசௌரி மாநிலம் கிர்க்ஸ்வில்லில் முதல் கல்லூரியைத் தொடங்கினார். ஆக, ஆரம்பத்தில் சந்தேகப்பட்டவர்களுக்கும் காரணம் இருந்தது.

ஆனால் அந்தக் கல்லூரிகள் அங்கேயே நிற்கவில்லை. மருந்தியல், அறுவை சிகிச்சை என்று எல்லாவற்றையும் பாடத்தில் சேர்த்துக்கொண்டன. இன்று எம்.டி. படிப்பவர்களைப் போலவே நாலு வருஷப் படிப்பு, அதன்பின் மருத்துவமனையில் ரெசிடென்சி பயிற்சி. கூடுதலாகக் கையால் செய்யும் சிகிச்சையும் சுமார் 200 மணி நேரம் கற்கிறார்கள். 2020 முதல் இரு பட்டத்தாருக்கும் ரெசிடென்சி அங்கீகாரம் ஒரே அமைப்பின் கீழ் வந்துவிட்டது. மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சை செய்யலாம். ஐம்பது மாநிலங்களிலும் முழு உரிமை.

இந்த உரிமை சும்மா வரவில்லை. ராணுவத்தில் மருத்துவ அதிகாரிகளாகச் சேர 1966 வரை காத்திருந்தார்கள். கடைசி மாநிலமான மிசிசிப்பி முழு உரிமை தந்தது 1973-இல். கலிபோர்னியா கதைதான் எனக்கு மறக்கவில்லை. 1962-இல் அங்கே 65 டாலர் கட்டிய டி.ஓ.க்களுக்கு எம்.டி. பட்டம் கொடுத்துவிட்டு, இனிப் புதிய டி.ஓ.க்களுக்கு உரிமம் கிடையாது என்று கதவைச் சாத்தினார்கள். 1974-இல் நீதிமன்றம்தான் திறந்துவிட்டது. நேற்றுவரை தகுதியில்லாதவர் 65 டாலரில் எப்படித் தகுதியானவர் ஆனார்? குறை படிப்பில் இல்லை, பெயர்ப் பலகையில்தான் இருந்தது.

2020 அக்டோபரில் அதிபர் ட்ரம்ப்புக்குக் கொரோனா வந்தபோது, வெள்ளை மாளிகை மருத்துவர் ஷான் கான்லி டி.ஓ. என்பதைப் பார்த்து, இவர் உண்மையான டாக்டர்தானா என்று பலர் கேட்டார்கள். அவர் சொன்ன தகவல்களைக் கேள்வி கேட்டது நியாயம். பட்டத்தைக் கேலி செய்தது நியாயமில்லை. அடுத்து வந்த பைடனின் மருத்துவரும் டி.ஓ.தான்.

"எம்.டி. சீட் கிடைக்காதவங்கதானே இதில் சேர்றாங்க?" என்பீர்கள். நுழைவுத் தேர்வு சராசரி அங்கே கொஞ்சம் குறைவு என்பது உண்மை, மறைக்கவில்லை. ஆனால் ஒரு வாத்தியாராகச் சொல்கிறேன்: பத்தாம் வகுப்பில் முதல் பெஞ்சில் இருந்தவன்தான் நல்ல டாக்டர் ஆனான் என்று நான் கண்டதில்லை. உள்ளே போகும்போது வாங்கிய மார்க்கைவிட, வெளியே வரும்போது தாண்டும் தேர்வும் பயிற்சியும்தான் நோயாளிக்கு முக்கியம்.

கையால் செய்யும் சிகிச்சை எல்லா நோயையும் தீர்க்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதுகுவலிக்கு ஓரளவு உதவும் என்கிறார்கள். அதைத் தாண்டிச் சொல்லப்படும் பலவற்றுக்குச் சான்று போதாது. அந்தக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். எந்த டாக்டரிடமும் கேட்க வேண்டிய கேள்விதான் அது.

லண்டனில் இருக்கும் என் மாணவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே ஆஸ்டியோபாத் என்பவர் கையால் சிகிச்சை தருபவர், மருந்து எழுதும் டாக்டர் அல்ல. அமெரிக்க டி.ஓ. வேறு. பெயர் ஒன்றாக இருப்பதால்தான் பாதிக் குழப்பம்.

சட்டம் ஐம்பது வருஷத்துக்கு முன்பே ஒத்துக்கொண்டதை நம் வாய் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகளே, டாக்டர் பெயருக்குப் பின்னால் டி.ஓ. என்று பார்த்ததும் அப்பாயின்ட்மென்ட்டை ரத்து செய்யாதீர்கள். வேறு எந்த டாக்டரையும் எப்படி விசாரிப்பீர்களோ, அப்படியே விசாரியுங்கள்.

பேத்திக்குப் போனில் மன்னிப்பு கேட்டுவிட்டேன். "பரவாயில்லை தாத்தா" என்றாள். ஆனால் நான் சிரித்தது நாலு பேர் முன்னால். அதனால் இதையும் நாலு பேர் முன்னால் எழுதுகிறேன். அன்று பந்தியில் இருந்தவர்கள் இதைப் படித்தால், அவளுக்கு ஒரு வார்த்தை போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் சயின்ஸ் வாத்தியார்