மெக்கின்லி பிடித்த தீவுகளுக்கு இன்னும் வாக்குரிமை இல்லை

2025 ஜனவரி 20 அன்று அமெரிக்க அதிபராகப் பதவியேற்ற டொனால்டு டிரம்ப், தமது உரையில் முன்னாள் அதிபர் வில்லியம் மெக்கின்லியைப் பெயர் சொல்லிப் புகழ்ந்தார். அலாஸ்காவின் டெனாலி சிகரத்துக்கு மெக்கின்லியின் பெயரை மீண்டும் சூட்டும் ஆணையும் அன்றே பிறந்தது. கிரீன்லாந்தை அடையப் படைபலத்தைப் பயன்படுத்த மாட்டோம் என்று உறுதி தர டிரம்ப் மறுத்து, அப்போது இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. மெக்கின்லியின் ஆட்சி அமெரிக்காவை எங்கே கொண்டு நிறுத்தியது என்பதைச் சொல்லியாக வேண்டிய வேளை இது.

அரசின் அதிகாரம் ஆளப்படுவோரின் ஒப்புதலிலிருந்தே பிறக்கிறது என்று 1776-இல் எழுதிவைத்துப் பிறந்த நாடு அமெரிக்கா. 1898-இல், மெக்கின்லியின் ஆட்சியில், கியூபாவின் விடுதலைக்காக என்று சொல்லி அது ஸ்பெயினோடு போருக்குப் போனது. கியூபாவைத் தனதாக்கிக்கொள்ள மாட்டோம் என அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் தீர்மானமும் போட்டது. மற்றத் தீவுகளுக்கு அப்படி எந்த வாக்குறுதியும் இல்லை. டிசம்பர் 10 அன்று கையெழுத்தான பாரிஸ் ஒப்பந்தத்தில் போர்ட்டோ ரிக்கோ, குவாம், பிலிப்பைன்ஸ் மூன்றும் கைமாறின. பிலிப்பைன்ஸுக்காக ஸ்பெயினுக்குக் கொடுக்கப்பட்ட தொகை 2 கோடி டாலர். அதற்கு ஆறு மாதம் முன்பே, ஜூன் 12 அன்று, எமிலியோ அகினால்டோ பிலிப்பைன்ஸின் சுதந்திரத்தைப் பிரகடனம் செய்திருந்தார். அவருடைய தூதர் ஃபெலிப்பே அகோன்சில்யோ பாரிஸ் வரை சென்றார். பேச்சுவார்த்தையில் அவருக்கு இடம் தரவில்லை.

1899 பிப்ரவரி 4 அன்று மணிலாவில் அமெரிக்கப் படைக்கும் அகினால்டோவின் படைக்கும் இடையே துப்பாக்கிகள் வெடித்தன. இரண்டே நாளில் செனட் சபை ஒப்பந்தத்தை 57-க்கு 27 என்ற கணக்கில் ஏற்றது. தேவையான மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கிடைத்தது ஒரே ஓட்டு. மூன்றாண்டுக்கும் மேல் நீடித்த போரில் அமெரிக்கப் படையினர் சுமார் 4,200 பேரும் பிலிப்பைன்ஸ் போராளிகள் சுமார் 20,000 பேரும் மாண்டனர். பசியாலும் நோயாலும் வன்முறையாலும் இறந்த பொதுமக்கள் இரண்டு லட்சம் பேர் இருக்கலாம் என்பது கணிப்பு. சமார் தீவில் ஆயுதம் ஏந்தக்கூடிய, பத்து வயதைத் தாண்டிய அனைவரையும் கொல்லுமாறு அமெரிக்க ஜெனரல் ஜேக்கப் ஸ்மித் உத்தரவிட்டார். ராணுவ நீதிமன்றம் அவரைக் கண்டித்தது. பிறகு பணி ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். கொல்லப்பட்டவர்களுக்குக் கிடைத்த நீதி அவ்வளவுதான்.

அமெரிக்காவுக்குள்ளேயே இதை எதிர்த்தவர்கள் இருந்தார்கள். மெக்கின்லியின் சொந்தக் கட்சிக்காரரான செனட்டர் ஜார்ஜ் ஹோர், எழுத்தாளர் மார்க் ட்வைன், தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னெகி ஆகியோர் நாட்டின் பிறப்புப் பத்திரத்தை எடுத்துக்காட்டி வாதாடினர். தன்னாட்சிக்குத் தகுதி பெற்ற மக்களுக்கே ஒப்புதல் என்ற கோட்பாடு பொருந்தும் என்பது செனட்டர் ஆல்பர்ட் பெவரிட்ஜின் பதில். பள்ளிகள் திறந்தோம், சாலைகள் போட்டோம், 1946-இல் விடுதலையும் கொடுத்தோம் என்று இன்றும் சிலர் வாதிடுகிறார்கள். பள்ளிகள் வந்தது உண்மை. ஆனால் ஒரு மக்களின் தகுதியை அளக்கும் அதிகாரம் ஆள்பவன் கையில் இருந்தால், ஒப்புதல் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. 1898-இல் கேட்டதைப் பெற பிலிப்பைன்ஸ் 48 ஆண்டுகள் காத்திருந்தது.

இந்த மீறல் போர்க்களத்தோடு முடிந்திருந்தால் வரலாற்று ஆசிரியர்களிடம் விட்டுவிடலாம். அது சட்டமாகவும் மாறியது. போர்ட்டோ ரிக்கோவிலிருந்து நியூயார்க்கில் வந்திறங்கிய ஆரஞ்சுப் பழங்களுக்குச் சுங்கவரி உண்டா என்ற வழக்கில், 1901-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் வரி செல்லும் என்றது. அந்தத் தீவு அமெரிக்காவுக்குச் சொந்தம், ஆனால் அமெரிக்காவின் பகுதி அல்ல என்று எழுதியவர் நீதிபதி ஹென்றி பிரவுன். கறுப்பின மக்களைத் தனி ரயில் பெட்டியில் ஏற்றுவது சட்டப்படி சரியே என்று 1896-இல் தீர்ப்பு எழுதியவரும் அவரே. நிறவெறிக்கு அரண் தந்த அந்தத் தீர்ப்பின் கோட்பாட்டை 1954-இல் நீதிமன்றம் கைவிட்டது. தீவுகளைப் பற்றிய தீர்ப்பு இன்றும் உயிரோடு இருக்கிறது.

போர்ட்டோ ரிக்கோவில் சுமார் 32 லட்சம் பேர் வாழ்கிறார்கள். 1917 முதல் அவர்கள் அமெரிக்கக் குடிமக்கள். அமெரிக்காவின் போர்களில் உயிர் கொடுத்திருக்கிறார்கள். தீவில் இருக்கும்வரை அதிபர் தேர்தலில் அவர்களுக்கு ஓட்டு இல்லை. காங்கிரஸுக்கு அவர்கள் அனுப்பும் ஒரே பிரதிநிதியால் மசோதாக்கள் மீதான இறுதி வாக்கெடுப்பில் கலந்துகொள்ள முடியாது. தீவு கடனில் மூழ்கியபோது, 2016-இல் வாஷிங்டன் நியமித்த வாரியம் அதன் வரவு செலவைக் கையில் எடுத்தது. கூட்டாட்சி வருமான வரியைப் பெரும்பாலோர் கட்டுவதில்லையே என்பார்கள். சமூகப் பாதுகாப்பு வரியைக் கட்டுகிறார்கள். ஆனாலும் ஏழை முதியோருக்கும் ஊனமுற்றோருக்குமான உதவித்தொகையைத் தீவுவாசிகளுக்கு மறுக்கலாம் என்று 2022-இல் 8-க்கு 1 என்று தீர்ப்பானது. தீர்ப்போடு உடன்பட்ட நீதிபதி நீல் கோர்சச்கூட, அந்தப் பழைய தீவுத் தீர்ப்புகள் தூக்கி எறியப்பட வேண்டியவை என்று தனியாக எழுதினார்.

எறிய வேண்டியதுதான். அடுத்து வரும் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் அதைச் செய்ய வேண்டும். காங்கிரஸ் அதற்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. மாநிலத் தகுதி, முழு விடுதலை, இறையாண்மையுடன் கூடிய கூட்டுறவு ஆகிய மூன்றில் ஒன்றைப் போர்ட்டோ ரிக்கோ மக்களே தேர்ந்தெடுக்கவும், முடிவு காங்கிரஸைக் கட்டுப்படுத்தவும் வழிசெய்யும் மசோதா 2022 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் 233-க்கு 191 என்று நிறைவேறியது. செனட் அதை எடுத்துக்கொள்ளவே இல்லை. கிரீன்லாந்தைப் பற்றிப் பேசும் முன், செனட் அந்த மசோதாவை மீட்டெடுத்து வாக்கெடுப்புக்கு விட வேண்டும்.