கடன் வாங்கி வீட்டைப் புதுப்பிக்கிறீர்களா? எஸ்டிமேட்டைப் பிரித்துக் கேளுங்கள்

"மொத்தமா அஞ்சு லட்சம் ஆகும் சார், நான் பாத்துக்கிறேன்" என்று மேஸ்திரி சொல்வது எஸ்டிமேட் அல்ல. பூச்சு எத்தனை சதுர அடி, எம்-சாண்ட் எத்தனை யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி), கம்பி எத்தனை கிலோ, கூலி எவ்வளவு, இடித்த கழிவை அள்ளுவது யார் என்று எழுதி வாங்குங்கள். இதே அளவுக்கு மூன்று பேரிடம் விலை கேட்டால்தான் ஒப்பிட முடியும். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் என்றால், 18 சதவீத வரி சேர்த்த விலையா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

ரொம்பக் குறைச்சலா சொல்பவரிடம்தான் அதிகம் விசாரிக்க வேண்டும். விட்டுப்போன வேலையெல்லாம் பிறகு 'எக்ஸ்ட்ரா' என்று வரும். வங்கி ஒப்புக்கொண்ட கடனோ அதற்காகத் தானாகக் கூடாது. பாதி இடித்த சமையலறையோடு நிற்பது நீங்கள்தான். வங்கி பணத்தைத் தவணைகளாக விடுவித்தால், மேஸ்திரிக்கும் வேலை முடிந்த அளவுக்கே கொடுங்கள். அவர் முன்பு கட்டிய வீட்டை மழைக்காலத்தில் போய்ப் பாருங்கள். மொட்டைமாடி ஒழுகுதான்னு அப்போதுதான் தெரியும்.