பங்கிலாபத்துக்குப் பணம் உண்டு. சம்பளத்துக்கு மட்டும் இல்லையா?

"கம்பனி நட்டத்தில் ஓடுகிறது, கட்டுப்படியாகாது." மலையகத்தில் சம்பளப் பேச்சு எழும்போதெல்லாம் தோட்டக் கம்பனிகள் பாடும் பல்லவி இது. 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபா என்று வர்த்தமானியில் வெளிவந்ததும் நீதிமன்றப் படியேறினர். 2024 மே தினத்தன்று கொட்டகலையில் 1700 ரூபா என அறிவிக்கப்பட்டபோதும் அதே படியேறினர். ஈற்றில் அந்த 1700, அடிப்படைச் சம்பளம் 1350 என்றும் உற்பத்தி ஊக்கத்தொகை 350 என்றும் இரண்டாய்ப் பிளக்கப்பட்டது. நம் தலைவர்களோ மாலை சூடி மேடையில் முழங்கினர். அவர்களுள் கம்பனியின் ஆண்டறிக்கையை ஒருமுறையேனும் புரட்டிப் பார்த்தவர் எத்தனை பேர்?

சட்டம் படித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறேன். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் 56ஆம் பிரிவின்படி, பங்கிலாபம் வழங்குமுன் பணிப்பாளர்கள் ஓர் அத்தாட்சியில் ஒப்பமிட வேண்டும். பங்கிலாபம் வழங்கிய பின்னரும், உரிய காலத்திற் கடன்களைத் தீர்க்கும் வல்லமை கம்பனிக்கு உண்டு என்பதே அந்த அத்தாட்சி. ஆகவே பங்கிலாபம் என்பது வெறும் காசன்று, அது வாக்குமூலம்! ஒரு மாதத்தில் "வல்லமை உண்டு" என்று ஒப்பமிட்ட பேனா, மறுமாதம் சம்பளச் சபையின் முன் "வழியில்லை" என்று எழுதுமாயின், அவ்விரு தாள்களையும் அருகருகே வைத்துக் கேள்வி கேட்க வேண்டியது யார் கடமை?

பங்கிலாப வரலாற்றைப் பத்தாண்டுக்குப் படிக்க வேண்டும், ஓராண்டு போதாது. 2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்தது, விளைச்சல் குன்றிற்று. மறு ஆண்டு ரூபா வீழ்ந்தது. கொழும்பு ஏலத்தில் தேயிலை ரூபாக் கணக்கில் ஏறிற்று. இத்தகைய ஆண்டில் வந்த இலாபத்தைக் காட்டி நாம் வாதாடினால் அது கம்பனிக்கு அநீதி. கெட்ட ஓராண்டைக் காட்டி அவர்கள் வாதாடினால் அது நமக்கு அநீதி.

தோட்டப் பங்கு வாங்க எண்ணும் ஆசிரியருக்கும் மருத்துவருக்கும், கிழங்கு விற்ற காசை முதலிட நினைக்கும் நுவரெலியா விவசாயிக்கும் ஒரு வார்த்தை. பங்கின் விலை 50 ரூபா, ஆண்டுப் பங்கிலாபம் 5 ரூபா என்றால் விளைவு வீதம் நூற்றுக்கு 10. விலை 25க்குச் சரிந்தால், அதே 5 ரூபா நூற்றுக்கு 20 என்று பத்திரிகையிற் பளபளக்கும். கம்பனி செழித்ததா? இல்லை, சந்தை அஞ்சிற்று! குத்தகைப் பணம் மாறாதிருக்க நிலத்தின் விலை மட்டும் பாதியானால், மண்ணில் என்ன கோளாறு என்றுதானே விவசாயி முதலிற் கேட்பான்?

இன்னொரு சூட்சுமமும் உண்டு. 1992இல் அரசு தோட்ட நிருவாகத்தைத் தனியாரிடம் ஒப்படைத்தது முதல், முகாமைக் கட்டணம் என்றொரு செலவு கணக்கில் ஏறியிருக்கிறது. அது இலாபம் கணக்கிடப்படுமுன்பே முகாமை முகவருக்குப் போய்ச் சேர்வது. எனவே பங்கிலாபப் பத்தியில் பூச்சியம் இருப்பதாலேயே எவருக்கும் ஒன்றும் போகவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். செலவுப் பக்கத்தையும் தொடர்புடைய தரப்பினருடனான கொடுக்கல் வாங்கலையும் வாசியுங்கள். பங்கிலாபத்தை மட்டும் பார்ப்பவன் குசினி வாசலை மறந்து முன்வாசலிற் காவலிருப்பவன்.

இவையெல்லாம் துரைமார் விவகாரம், நமக்கென்ன என்பீர்களா? 1990களின் நடுவிற் பங்குகள் விற்கப்பட்டபோது, நூற்றுக்குப் பத்து தொழிலாளருக்கு இலவசமாய் வழங்கப்பட்டது. கொழுந்து பறித்த நம் தாய்மார் அன்றே பங்குதாரர் ஆயினர்! எது பங்கு, எது பங்கிலாபம் என்று அவர்களுக்கு விளக்கிய தொழிற்சங்கம் எது? சந்தா பிடிக்கத் தெரிந்த கைகளுக்கு அந்தத் தாளை விரித்துக் காட்ட நேரமில்லாமற் போயிற்று.

நோர்வூட்டிலும் மஸ்கெலியாவிலும் லயத்துத் தகரப்பெட்டிகளை இன்றே திறந்து பாருங்கள். பங்குப் பத்திரம் கிடைத்தால் அட்டனிலோ தலவாக்கலையிலோ உள்ள சட்டத்தரணியிடம் கொண்டு செல்லுங்கள். இறந்த தாயின் பெயரில் இருப்பதாயின் வாரிசுரிமையைக் கேளுங்கள். ஒரேயொரு பங்கு உங்கள் பெயரில் இருந்தாலும் போதும்; ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று முகாமைக் கட்டணம் எவ்வளவு என்று கேட்கலாம்.

தலைவர்களே, அடுத்த சம்பளப் பேச்சுக்குப் போகும்போது பத்து ஆண்டறிக்கைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போங்கள். மாலைகளை வீட்டிலேயே விட்டுச் செல்லலாம்.