ஓ வகை என்ற ஆறுதல்

"எனக்கு ஓ பாசிட்டிவ், டாக்டர். டிங்கி அவ்வளவா தாக்காதுதானே?" செலாயாங், ரவாங், பத்துமலை வட்டாரக் கிளினிக்குகளில் இந்தக் கேள்வி இப்போது சர்வசாதாரணம். கேட்பவர் ஆறுதல் தேடுகிறார். அந்த ஆறுதலை நாம் கொடுக்கக் கூடாது.

ஓ வகை நோயிலிருந்து காக்கும் என்ற இந்த நம்பிக்கை வலுத்தது 2020இல், கோவிட் காலத்தில். ஏப்ரல் 20 முதல் செலாயாங் மொத்தச் சந்தையைச் சுற்றியுள்ள குடியிருப்புகள் முள்கம்பிக்குள் அடைபட்டுக் கிடந்தன. ஜூன் மாதம் இத்தாலி, ஸ்பெயின் நோயாளிகளின் மரபணு ஆய்வு வெளியானது. கோவிட்டால் சுவாசச் செயலிழப்பு ஏற்படும் வாய்ப்பு ஏ வகையினருக்கு ஏறக்குறைய 45 விழுக்காடு கூடுதல், ஓ வகையினருக்கு 35 விழுக்காடு குறைவு என்றது அது. செய்தி வாட்சப்பில் பறந்தது. 2021இல் அமெரிக்காவின் யூட்டா வட்டாரத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஆராய்ந்தபோது அப்படி ஒரு தொடர்பே தென்படவில்லை. அது எந்த வாட்சப்பிலும் பறந்ததாகத் தெரியவில்லை.

ஓ வகைக்கு எல்லா இடத்திலும் ஒரே முகம் இல்லை. ஃபால்சிபாரம் மலேரியாவில் சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது ஓ வகையினரிடம் குறைவு. அதனால் கடும் நோயும் குறைவு. காலராவிலோ ஓ வகையினர்தான் அதிகம் வதைபடுகிறார்கள்.

இரத்த வகை உண்மையிலேயே கிருமிக்குக் கதவடைத்த இடம் டஃபி என்ற, சிவப்பணுவின் மேலுள்ள இன்னொரு இரத்த வகைக் குறி. 1975இல் ஆய்வாளர் லூயிஸ் மில்லர் குழுவினர், டஃபி இல்லாத சிவப்பணுக்களுக்குள் குரங்கு மலேரியாக் கிருமியான நோலெசியால் நுழைய முடியவில்லை என்று ஆய்வுக்கூடத்தில் கண்டார்கள். மேற்கு ஆப்பிரிக்கர்களிடம் வைவாக்ஸ் மலேரியா ஏன் அரிது என்பதற்கும் அடுத்த ஆண்டே அதே டஃபியில் விடை கிடைத்தது. பின்னாளில் மடகாஸ்கரில் டஃபி இல்லாதவர்களிடமும் வைவாக்ஸ் தென்பட்டது. அந்தக் கதவும் முழுக்க மூடியதல்ல.

நமக்கு இது தொலைதூரச் சங்கதி அல்ல. இயற்கையாக மனிதரைத் தொற்றிய முதல் நோலெசி 1965இல் பகாங் காட்டில் வேலை செய்த ஓர் அமெரிக்கரிடம் கண்டறியப்பட்டது. 2018 முதல் மலேசியாவில் மனிதரிடையே பரவும் உள்ளூர் மலேரியா இல்லை. குரங்கிலிருந்து வரும் நோலெசி மட்டும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோரைத் தாக்குகிறது, பெரும்பாலும் சபா, சரவாக்கில். தமிழர், மலாய்க்காரர், சீனர் என நம்மிடம் வருகிறவர்களில் ஏறக்குறைய அனைவருமே டஃபி உள்ளவர்கள். ஏ, பி, ஓ எதுவாக இருந்தாலும் நோலெசிக்கு வழி திறந்தே இருக்கிறது.

ஆகவே காய்ச்சல்காரரிடம் இரத்த வகையை விசாரிப்பதைவிட, காஞ்சிங் பக்கமோ உலு சிலாங்கூர் காடுகளிலோ மலையேறினாரா, முகாமிட்டாரா, காட்டோரம் வேலை செய்தாரா என்று விசாரியுங்கள். தட்டணுக்கள் குறைந்தவுடன் டிங்கி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். நோலெசியிலும் அவை குறையும். மலேரியா விரைவுச் சோதனை நெகட்டிவ் என்பதால் மட்டும் நோலெசியை விலக்கவும் முடியாது.

ஆய்வுக்கூட நண்பர்களுக்கு: நோலெசி இளம் வளையமாக இருக்கையில் ஃபால்சிபாரம் போலவும், முதிர்ந்தபின் சிவப்பணுவின் குறுக்கே பட்டைபோல் நீண்டு மலேரியே என்ற இன்னொரு மலேரியாக் கிருமி போலவும் தெரியும். மலேரியே 72 மணிநேரத்துக்கு ஒருமுறை பெருகும். நோலெசிக்கு 24 மணிநேரம் போதும். இன்று லேசாகத் தெரிந்தவர் நாளை மறுநாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கலாம். கண்ணாடித் தகட்டில் மலேரியே போலத் தெரிந்தால் நோலெசி என்றே கருதிக் கிருமி எண்ணிக்கையோடு மருத்துவருக்கு அன்றே தொலைபேசியில் சொல்லுங்கள். பிசிஆர் முடிவு பிறகு வரட்டும்.