கூரைக் கம்பியும் 'கைய வைக்காதீங்க சார்' கோஷ்டியும்

மருங்காபுரிப் பக்கம் ஒருவருடைய காரின் கூரை ஆண்டெனா புளியமரக் கிளையில் மாட்டி முறிந்துபோகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து என்ன நடக்கும்? முதலில், வீட்டில் இருக்கும் பெரியவர் ஒருவர் "நீ கைய வைக்காத, கம்பெனிக்காரன்கிட்ட விடு" என்பார். பிறகு திருச்சிக்குப் போன் போகும். "வண்டியைக் கொண்டு வாங்க சார், பார்த்துட்டுச் சொல்றோம்" என்று பதில் வரும். போக ஐம்பது கிலோமீட்டருக்கு மேல், வர அதே அளவு. லிட்டர் நூறு ரூபாய்க்கு விற்கும் பெட்ரோலில் ஏழு லிட்டராவது காலி. ஒரு நாள் வேலையும் போச்சு. எல்லாம் எதற்கு? இடப்பக்கமாகத் திருகினால் கழன்று, வலப்பக்கமாகத் திருகினால் மாட்டிக்கொள்ளும் ஒரு கம்பிக்கு!

பல்பு மாற்ற எலக்ட்ரீஷியனைத் தேடாத ஊர்தான் இது. பம்புசெட் மோட்டாரைக் கிணற்றடியிலேயே பிரித்து மேய்கிறவர்கள் இங்கே தெருவுக்கு நாலு பேர் உண்டு. கார் என்றதும் மட்டும் அந்தக் கைகள் ஏன் பின்னால் கட்டிக்கொள்கின்றன? பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள், அதனால்தான். வாரண்டி போய்விடும், ஒயரிங் கெட்டுவிடும், கூரை ஒழுகும் என்று ஒரு பட்டியலே உண்டு. ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

முதலில் வாரண்டி. சட்டம் தெரியாது என்கிற தைரியத்தில்தான் இந்த மிரட்டலே ஓடுகிறது. 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. உதிரிப் பாகங்களையும் பழுதுபார்க்கும் விவரப் புத்தகங்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் பூட்டி வைத்ததுதான் குற்றம். அதே உத்தரவில் இன்னொன்றும் இருக்கிறது. வெளியே வேலை பார்த்தார் என்பதற்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்யும் பொத்தாம்பொதுவான நிபந்தனை கூடாது. வெளியே பார்த்த தப்பு வேலையால் எந்தச் சேதம் வந்ததோ அந்த அளவுக்கு மட்டும்தான் வாரண்டியை மறுக்கலாம். நிறுவனங்கள் சும்மா இருக்குமா, மேல்முறையீட்டுக்குப் போயின. 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் மூன்று நிறுவனங்கள் விஷயத்தில் அபராதத்தைக் குறைத்தது. ஆனால் செய்தது தப்பில்லை என்று சொல்லவில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-லேயே கார் பழுதுபார்க்கும் உரிமைக்கு மக்கள் ஓட்டுப் போட்டே சட்டம் வாங்கினார்கள். நம்மூரில் 2022-ல் மத்திய நுகர்வோர் துறை அதற்கென்று ஒரு குழு அமைத்து, அந்த டிசம்பரிலேயே இணையதளமும் திறந்தது. துவரங்குறிச்சி ஒர்க்‌ஷாப் வரை அந்தச் சேதி வந்து சேர்ந்ததா என்பது வேறு கதை.

சிலர் மோட்டார் வாகனச் சட்டத்தையே இழுப்பார்கள். 'வண்டியை மாற்றி அமைப்பது குற்றமாச்சே!' சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுப்பது ஆர்.சி.யில் உள்ள விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றுவதை. ஆர்.சி.யில் ஆண்டெனா என்று ஒரு வரியாவது இருக்கிறதா? எடுத்துப் பாருங்கள்.

அடுத்து ஒயரிங். உடைந்தது மேலே நிற்கும் கம்பி மட்டும் என்றால் ஒயரைத் தொடவே வேண்டாம். கம்பியின் அடியில் இருக்கும் மரை பெரும்பாலும் 5 அல்லது 6 மில்லிமீட்டர். பழைய கம்பியைக் கடைக்குக் கையோடு கொண்டுபோய் மரையை ஒத்துப் பார்த்து வாங்கினால் தீர்ந்தது. கையால் கழலாவிட்டால் துணி சுற்றி இடுக்கியால் மெல்லத் திருக வேண்டும். மாட்டும்போது கைப்பிடி இறுக்கம் போதும். அங்கேதான் நம் ஆட்கள் வீரத்தைக் காட்டுவார்கள்; ஸ்பானர் போட்டு இறுக்கி, மரை அடித்தளத்துக்குள்ளேயே முறிந்து நின்றுவிடும். அப்புறம் அடித்தளத்தையே மாற்ற வேண்டியதுதான்.

கம்பியில் குறையே இல்லாமல் ரேடியோ இரைவதும் உண்டு. இது தெரியாமல் இரண்டு மூன்று கம்பி வாங்கிப் போட்டவர்கள் ஏராளம். எஃப்.எம். அலையின் நீளம் சுமார் 3 மீட்டர். அதில் கால்பங்கு, அதாவது முக்கால் மீட்டர் கம்பி நின்றால்தான் அலையை நன்றாகப் பிடிக்கும். இப்போதைய கார்களில் நிற்பது அதில் பாதிகூட இல்லாத குட்டைக் கம்பி. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் கம்பிக்குள் செம்புச் சுருளும், பல கார்களில் அடித்தளத்துக்குள் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரும் வைக்கிறார்கள். அந்த ஆம்ப்ளிஃபயருக்குக் கரண்ட் வேண்டும். வெளியே வாங்கிய ஸ்டீரியோவை மாட்டுகிறவர் ஆண்டெனாவுக்கான நீல ஒயரை 'இது எதுக்கு' என்று டேப் சுற்றி விட்டுவிட்டால் புதுக் கம்பி என்ன, தங்கக் கம்பி போட்டாலும் இரைச்சல்தான். சிகரெட் லைட்டர் துளையில் செருகிய மட்டமான சார்ஜரும் இதே வேலையைச் செய்யும். சந்தேகமா? அதைப் பிடுங்கிவிட்டுக் கேட்டுப் பாருங்கள். காசு செலவில்லாத பரிசோதனை.

மூன்றாவது, கூரை ஒழுகல். இதில் கொஞ்சம் நியாயம் உண்டு. அடித்தளத்தை மாற்றுவதென்றால் உள்ளே கூரைத் துணிப் பலகையைப் பின்பக்கமாகக் கொஞ்சம் இறக்கி, நட்டைக் கழற்றி, கேபிளைப் பிரித்து எடுக்க வேண்டும். புது ரப்பர் வாஷர் சரியாக உட்காராவிட்டால் ஐப்பசி மழையில் ஸீட்டு நனையும். நட்டு உட்காரும் இடத்தில் தகரம் துருப்பிடித்திருந்தால் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். ஏனென்றால் கூரைத் தகரமும் ஆண்டெனாவின் ஒரு பாதி மாதிரிதான், அதோடு தொடர்பு விட்டால் கம்பி நொண்டியடிக்கும். எல்லாவற்றையும் மூடுவதற்கு முன்னால் ரேடியோவைப் போட்டுக் கேட்டுவிட வேண்டும், மேலே ஒரு குடம் தண்ணீர் ஊற்றியும் பார்த்துவிட வேண்டும். பக்கவாட்டுத் திரை ஏர்பேக் உள்ள கார்களில் ஜன்னல் ஓரத் தூண்களின் உறைகளைப் பிடுங்கக் கூடவே கூடாது. அந்த வேலையைத் தெரிந்தவர் கையில் விடுவதுதான் புத்திசாலித்தனம். ஆனால் இந்த எச்சரிக்கை அடித்தளத்துக்கு. அதைக் காட்டி, வெளியே நிற்கும் கம்பியையும் தொடாதே என்பது கண் ஆபரேஷன் கடினம் என்பதால் முகம் கழுவவும் டாக்டரிடம் போ என்பது போல!

இதற்கு நடுவில் 'சுறா மீன் துடுப்பு' மோகம் வேறு. கம்பி உடைந்தால் இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டும் ஒரு பிளாஸ்டிக் துடுப்பை வாங்கி ஒட்டிவிட்டுப் பந்தாவாகப் போகிறார்கள். தொழிற்சாலையிலேயே பொருத்தி வரும் துடுப்பு வேறு. கடையில் தொங்குகிற பலவற்றில் உள்ளே ஒன்றுமே இருக்காது, இருந்தால் ஒரு சாண் ஒயர். தில்லைநகரில் ஓட்டுகிறவருக்கு அது போதும். அங்கே ஊக்கைச் செருகினாலும் திருச்சி எஃப்.எம். பாடும்.

மருங்காபுரி கதை அப்படியில்லை. திருச்சி ரெயின்போ 102.1 அங்கே போய்ச் சேர்வதற்குள் களைத்துவிடும், ஏனென்றால் எஃப்.எம். அலை பார்வைக்கோடு போல நேராகப் போகிறது. நூறு மீட்டர் உயரக் கோபுரத்திலிருந்து கிளம்பினால் சுமார் நாற்பது கிலோமீட்டரிலேயே பூமியின் வளைவு குறுக்கே வந்துவிடும். அதனால்தான் இருமடங்கு தூரத்தில் இருந்தாலும், கடல்மட்டத்துக்கு 2,000 மீட்டருக்கு மேலே மலையில் உட்கார்ந்திருக்கும் கொடைக்கானல் 100.5 அந்தப் பக்கம் செல்லப்பிள்ளை. இப்படி விளிம்பில் இருக்கிற ஊருக்குத்தான் நல்ல ஆண்டெனா முக்கியம். அந்த ஊர்க்காரர்தான் அதற்கு நூறு கிலோமீட்டர் அலைகிறார்.

'இந்தக் காலத்தில் கார் ரேடியோ யாருக்கு வேண்டும், போனில் பாட்டுக் கேட்டால் போச்சு' என்பவர்கள் 2018 நவம்பர் 16-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். அன்று அதிகாலை வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா, பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. பல கிராமங்களில் நாள்கணக்கில் கரண்ட் கிடையாது, செல்போனுக்கு டவர் கிடையாது. போனில் எஃப்.எம். வசதி இருந்தாலும் இயர்போன் ஒயரைச் செருகினால்தான் எடுக்கும், அந்த ஒயர்தான் அதற்கு ஆண்டெனா. புதுப் போன் பலவற்றில் இரண்டுமே இல்லை. அப்படிப்பட்ட இரவில் சொந்த பேட்டரியோடு வாசலில் நிற்கிற ரேடியோ கார் ஒன்றுதான். 1939 மே 16-ல் தொடங்கிய திருச்சி வானொலி புயல் சேதி சொல்லிக்கொண்டே இருக்கும். கேட்பதற்குக் கம்பி வேண்டுமே!

பொன்மலையில் ரயில் இன்ஜினைப் பிரித்து மாட்டுகிறார்கள், திருவெறும்பூரில் பாய்லர் செய்கிறார்கள், பக்கத்துக் கரூரில் வெறும் சேஸிஸ் மீது முழு பஸ்ஸையே கட்டி அனுப்புகிறார்கள். திருச்சியைச் சுற்றிலும் இன்ஜினியரிங் கல்லூரிகளுக்கும் பஞ்சமில்லை. அங்கே எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிற பிள்ளை யாகி ஆண்டெனாவைப் படம் வரைந்து, அலைநீளத்தைக் கணக்குப் போட்டு, பரீட்சையில் முழு மார்க் வாங்குகிறான். வீட்டுக் காரின் கம்பி உடைந்தால் மட்டும் அவனுக்கும் சர்வீஸ் சென்டர் நம்பர்தான் ஞாபகம் வருகிறது. கேட்டால் "அதெல்லாம் மெக்கானிக் வேலை" என்பான். விரலில் கிரீஸ் படாத வரைக்கும்தான் படிப்புக்கு மரியாதை என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ!

இதெல்லாம் உள்ளூர் மெக்கானிக்கின் பிழைப்பைக் கெடுக்கும் பேச்சு என்று யாரும் கோபிக்க வேண்டாம். அடித்தளம், கேபிள், ஏர்பேக் பக்கத்து வேலை எல்லாம் அவருக்குத்தான் போக வேண்டும். போட்டி ஆணையம் 2014-ல் பேசியதும் அவருக்காகத்தான். அவரிடம் விவரப் புத்தகமும் பாகமும் கிடைக்காமல் பூட்டி வைத்தவர்கள்தான், கார்க்காரரிடம் 'கைய வைக்காதீங்க சார்' என்றும் சொல்கிறார்கள்.

ஒரு வேடிக்கை. கம்பியை ஒரு தடவை கழற்றி மாட்டப் பழகினவருக்கு அது அவ்வளவு சீக்கிரம் உடைவதே இல்லை. தோப்புக்குள் வண்டியை விடுவதற்கு முன்னும், மெஷின் வாட்டர்வாஷுக்கு முன்னும் இறங்கி நாலு திருகு திருகிக் கழற்றி டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டுவிடுகிறார். அரை நிமிஷ வேலை. முழுக்க இடப்பக்கம்தான்.