கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு தாய்

வீடியோ கேம்களில் பெண்ணை நாயகியாக்கிய முன்னோடி எது என்று கேட்டால், பலரும் சொல்லும் பெயர் 'மெட்ராய்டு'. 1986 ஆகஸ்டில் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட ஆட்டம் அது. தலை முதல் கால் வரை விண்வெளிக் கவசம் அணிந்து வேட்டையாடும் சாமுஸ் ஆரன் ஒரு பெண் என்பது ஆட்டம் முடிந்த பிறகுதான் தெரியவரும். இதைப் பெண்ணியத்தின் வெற்றி என்று ஆண்கள் எழுதுகிறார்கள், பெண்களும் வழிமொழிகிறோம். நான் இந்தக் கொண்டாட்டத்தில் சேர மறுக்கிறேன். எனக்குச் சாமுஸோடு சண்டையில்லை. அவள் யாரைக் கொல்ல அனுப்பப்படுகிறாள் என்பதில்தான் சண்டை.

அந்த ஆட்டத்தின் கடைசி பாஸ் பெயர் 'மதர் பிரெயின்'. தாய் மூளை.

விளையாடாதவர்களுக்காகச் சொல்கிறேன். செபஸ் என்ற கிரகத்தின் அடியில் சுரங்கம் சுரங்கமாகப் போகும் பாதைகள். தாவியும் சுட்டும் உருண்டும் அவற்றைக் கடக்க வேண்டும். கிரெய்டு, ரிட்லி என்ற இரண்டு பாஸ்களை வீழ்த்தினால்தான் கடைசிப் பகுதியான டூரியனுக்கு வழி திறக்கும். அங்கே ஏவுகணைகளை விடாமல் செலுத்தித் தடுப்புகளை ஒவ்வொன்றாக உடைக்க வேண்டும். கொஞ்சம் நிறுத்தினாலும் அவை மீண்டும் வளர்ந்துவிடும். எல்லாம் கடந்து போனால், ஒரு கண்ணாடிக் குடுவை. அதற்குள் ஒரு மூளை.

அந்த மூளை நகராது. கைகால் கிடையாது. சாமுஸைச் சுடுவது சுற்றியிருக்கும் அறையின் பீரங்கிகள்தான். தாய் மூளை இருந்த இடத்திலேயே இருக்கிறது. குடுவையை உடைத்து, அது அழியும்வரை ஏவுகணைகளைச் செலுத்த வேண்டும். ஆட்டத்தின் உச்சகட்டம் இதுதான்: அசைய முடியாத, உடலே இல்லாத ஒரு 'தாய்'க்கு எதிராக ஆயுதம் தரித்த மகள் நிறுத்தப்படுகிறாள்.

பிறகு பரிசு வருகிறது. அது எவ்வளவு சீக்கிரம் முடித்தீர்கள் என்பதைப் பொறுத்தது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆனால் சாமுஸின் கவசம் கழலாது. அதற்குள் முடித்தால் தலைக்கவசம் மட்டும் போகும். மூன்று மணி நேரத்துக்குள் என்றால் உடலை ஒட்டிய உடை. ஒரு மணி நேரத்துக்குள் முடித்தால் பிகினி. திறமை கூடக்கூடத் துணி குறைகிறது. ஆட்டம் முழுக்க ஓடியவளும் சுட்டவளும் அவள்தான். பரிசு மட்டும் கட்டுப்பாட்டுக் கருவியைக் கையில் வைத்திருப்பவனுக்கு. அந்தப் பரிசு அவள் உடல்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். இந்த ஆட்டத்தில் பெண் என்று சொல்லத்தக்கவை இரண்டு. ஒன்று உடல் இல்லாத மூளை. அதைக் கொல்ல வேண்டும். மற்றொன்று, சிந்தித்துப் போராடி வென்ற பிறகும், கடைசியில் உடலாக மட்டும் காட்டப்படுகிறது. அதைப் பார்த்து ரசிக்க வேண்டும். பெண்ணின் அறிவு பயங்கரம், பெண்ணின் உடல் வெகுமதி. ஆணாதிக்கத்தின் ஆதிப்பாடம் இது. ஒரு மணி நேரத்தில் நடத்தி முடித்துவிடுகிறார்கள்.

தமிழ் கற்பிக்கிறவள் என்பதால் எனக்கு இலக்கணமும் கண்ணில் படுகிறது. நம் மொழியில் 'வந்தான்', 'வந்தாள்' என்று வினைமுற்றே பாலைச் சொல்லிவிடும். சொல்ல விருப்பமில்லை என்றால் 'வந்தார்' இருக்கிறது. பொய் சொல்லத் தேவையில்லை. அந்த ஆட்டத்தின் ஆங்கிலக் கையேடோ சாமுஸை ஆண்பாலில் எழுதிவைத்தது. ரகசியத்தைக் காப்பாற்றத்தான் என்பார்கள். இருக்கட்டும். ஆனால் எதிரியின் விஷயத்தில் அந்த ரகசியம் எங்கே போனது? வீரம் பெண்ணுடையது என்று தெரிய ஆட்டத்தின் கடைசிவரை காத்திருக்க வேண்டும். தீமை தாயுடையது என்பது மட்டும் பெயரிலேயே எழுதியிருக்கிறது.

"மதர் என்பது தொழில்நுட்பச் சொல், மதர்போர்டு இல்லையா?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு திரைப்படம் இருக்கிறது. 1979இல் வந்த 'ஏலியன்' படத்தில் கப்பலின் கணினிக்குப் பெயர் 'மதர்'. அந்தப் படத்தின் தாக்கத்தை மெட்ராய்டை உருவாக்கியவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்; ரிட்லி என்ற பாஸின் பெயரே இயக்குநர் ரிட்லி ஸ்காட்டிடமிருந்து வந்ததுதான். ஆக, இது தற்செயலாக ஒட்டிய பெயர் அல்ல. எல்லாவற்றையும் கட்டுப்படுத்தும், எங்கும் கண் வைத்திருக்கும், விட்டு விலக முடியாத ஒன்றுக்குப் பெயர் வைக்க வேண்டியிருந்தபோது, அவர்கள் நாவில் வந்த சொல் 'தாய்'. உலகில் கட்டுப்படுத்துகிறவர்களுக்கு வேறு பெயர்களே இல்லையா? ராணுவத்தை, வங்கியை, அரசை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் தாய்மார்களா?

"அப்படியானால் பெண் வில்லியாகவே இருக்கக் கூடாதா?" என்பது அடுத்த கேள்வி. தாராளமாக இருக்கட்டும். பேராசைக்காரியாக, கொடுங்கோலியாக, கொள்ளைக்காரியாக இருக்கட்டும். பெண்ணுக்குக் கெட்டவளாக இருக்கும் உரிமையும் வேண்டும் என்று சொல்கிறவள் நான். ஆனால் தாய் மூளைக்கு ஆசையோ வரலாறோ கோபமோ முதல் ஆட்டத்தில் எதுவும் இல்லை. 'தாய்', 'மூளை' என்ற இரண்டு சொற்கள்தான் இருக்கின்றன. அந்த இரண்டும் சேர்ந்தாலே வெறுக்கப் போதும் என்று எண்ணப்பட்டது. அதைத்தான் எதிர்க்கிறேன்.

தொடர்ந்து வந்த ஆட்டங்கள் இதை மாற்றவில்லை, இறுக்கின. 1991இல் வந்த இரண்டாம் ஆட்டத்தில் மெட்ராய்டு இனத்தையே அழிக்க சாமுஸ் அனுப்பப்படுகிறாள். கடைசியாகக் கொல்ல வேண்டியது அவற்றின் ராணியை. அதன்பின் முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு அவளையே தாயாக எண்ணிப் பின்தொடர்கிறது. 1994இல் வந்த 'சூப்பர் மெட்ராய்டு'வில் தாய் மூளைக்குப் பிரம்மாண்டமான உடல் கிடைக்கிறது. அந்தக் குஞ்சு சாமுஸைக் காப்பாற்றி உயிர்விட, அதன் ஆற்றலைப் பெற்ற சாமுஸ் தாய் மூளையைக் கொல்கிறாள். தியாகமும் பாசமும் இருந்தால் நல்ல தாய். மூளை இருந்தால் கெட்ட தாய். 2010இல் வந்த 'அதர் எம்' ஆட்டத்தில், தன் உடம்பிலேயே இருக்கும் ஆயுதங்களைப் பயன்படுத்த சாமுஸ் தளபதியின் அனுமதிக்குக் காத்திருக்கிறாள். வெப்பம் உடலை எரிக்கும்போதும் பாதுகாப்பை இயக்கக் காத்திருக்கிறாள். தாயைக் கொன்று பெற்ற விடுதலை, ஓர் ஆணின் 'சரி, செய்' என்ற சொல்லில் வந்து நின்றது.

இதெல்லாம் வெறும் விளையாட்டு என்று என்னிடம் சொல்லாதீர்கள். வகுப்பில் மாணவிகள் எழுதித் தரும் கவிதைகளில் மீண்டும் மீண்டும் வரும் ஒரு வரி உண்டு: அம்மாவைப் போல் ஆகிவிட மாட்டேன். அம்மாவின் சமையலறை, அம்மாவின் மௌனம், அம்மாவின் கண்காணிப்பு எல்லாம் கவிதையில் வரும். அந்தச் சமையலறையைக் கட்டியவனும், அந்த மௌனத்தால் லாபம் அடைந்தவனும், மகளைக் கண்காணிக்கும் வேலையை அவளிடம் ஒப்படைத்தவனும் கவிதைக்குள் வருவதில்லை. குடுவைக்குள் அடைபட்டவளே கோட்டையின் தலைவி என்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்தாயிற்று. குடுவையைச் செய்தவர் யார் என்று அவள் கேட்கவே இல்லை.

தாயோடு சண்டை போடுவதை நான் தடுக்கவில்லை. பல தாய்மார்கள் மகள்களை நொறுக்கியிருக்கிறார்கள். அதை எழுதத்தான் வேண்டும். ஆனால் மகளின் ஆயுதம் முழுவதும் தாயை நோக்கித் திரும்பியிருக்கும்வரை, வேறு யாருக்கும் ஒரு கீறல்கூட விழாது. அது யாருக்கு வசதி?

'வலிமையான பெண் பாத்திரம்' என்று இனி எதையாவது உங்களிடம் நீட்டினால், அவள் கையில் என்ன ஆயுதம் என்று மட்டும் பார்க்காதீர்கள். அது விளையாட்டோ படமோ நாவலோ, இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இவள் யாரைக் கொன்று நாயகியானாள்? வென்ற பிறகு இவளிடமிருந்து எதைக் கழற்றினார்கள்?

பதில் கிடைத்த பிறகு கைதட்டலாம்.