வெள்ளுடை அணிந்தோரை வைவது முறையோ?

நம் பள்ளியின் விளையாட்டுப் போட்டி நாளன்று, ஓட்டத்தில் இடறி விழுந்த மாணவன் ஒருவனின் முன்கை முறிந்தது. அவனை அரசாங்க மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு சென்றோம். பச்சைப் பகுதியில் அமரச் சொன்னார்கள். இரண்டு மணி நேரம் கழிந்தது. நமக்குப் பின் வந்த முதியவர் ஒருவரை முன்னே அழைத்துச் சென்றதும், நம்முடன் வந்திருந்த பெரியவர் பொறுமை இழந்தார். முகப்பில் நின்ற தாதியை நோக்கி அவர் வீசிய சொற்களை இம்மலரில் அச்சிட இயலாது. தாதி மறுமொழி கூறவில்லை. சற்று நேரம் கழித்து நம்மிடம் வந்து, “ஆசிரியரே, நலமா?” என்றார். அவர் நம் பள்ளியிலேயே பயின்றவர்! நாமோ அதுவரை ஒரு சொல்லும் பேசாது நின்றிருந்தோம். அந்த வெட்கமே இதனை எழுதத் தூண்டிற்று.

பெற்றோர்களே! அவசரப் பிரிவு பேருந்துச் சீட்டு விற்கும் முகப்பன்று. முந்தி வந்தவருக்கு முதலிடம் என்பது அங்குச் செல்லாது. வந்தவரின் நிலையை மருத்துவ உதவியாளரோ தாதியோ சோதித்து, சிவப்பு, மஞ்சள், பச்சை என வகைப்படுத்துகின்றனர். அம்முதியவருக்கு நெஞ்சுவலி; அவர் முந்தியாக வேண்டும். பச்சையில் அமர்த்துவது அவமதிப்பாகாது. உயிருக்கு உடனடி ஆபத்தில்லை என்பதற்கு அதுவே அடையாளம்.

தோட்டத்து மருத்துவமனையில் ‘டிரசர்’ வந்தால் எழுந்து நின்ற பாட்டன்மாரின் பேரர்கள் நாம். அது பாதி மரியாதை, பாதி அச்சம். அக்காலம் மீள வேண்டுமென நாம் கோரவில்லை. ஆயினும், அச்சம் நீங்கிய இடத்தில் வசைமொழி குடியேறுவானேன்? 2020-ஆம் ஆண்டில் கோவிட்-19 பரவியபோது இவர்களையே முன்களப் பணியாளர் எனப் போற்றினோம். அதே ஆண்டில் சிங்கப்பூரில், சீருடை அணிந்த தாதியரைக் கண்டு பொதுப் போக்குவரத்தில் ஒதுங்கியோரும் இருந்தனர். அந்நாடு 2023 டிசம்பரில், சுகாதாரப் பணியாளர் மீதான வசையையும் தொல்லையையும் சிறிதும் பொறுப்பதில்லை என்னும் கொள்கையை வகுத்தது.

நம் நாட்டிலும் சட்டம் உண்டு. கடமையாற்றும் அரசாங்க ஊழியரைத் தடுக்கும் நோக்கில் தாக்குவோருக்குக் குற்றவியல் சட்டத்தின் 353-ஆம் பிரிவு ஈராண்டு வரை சிறை விதிக்க இடமளிக்கிறது. எனினும், நாவால் சுடுபவர் பெரும்பாலும் நீதிமன்றம் வரை செல்வதில்லை. ஆகவே சினம் மூளுமுன் தடுப்பதே மேல். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், ஏன் என்பதை ஒருவர் வந்து சொன்னாலே பாதிச் சினம் தணியும். அது மருத்துவமனையின் பொறுப்பு. அதனையும் நாம் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அம்மூவண்ண முறையை விளக்கித் தருமாறு அந்த முன்னாள் மாணவியை வேண்டியுள்ளோம். அவரும் இசைந்துள்ளார். அன்று வைத பெரியவருக்கு முன்வரிசையில் ஓர் இருக்கை ஒதுக்கியிருக்கிறோம்.